கிராம்பு வாடை இல்லை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவளும் சௌக்கியம். உனக்குக் காய்ச்சல் என்று அத்தான் சொன்னார். இப்போது தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

போனில் சொல்லித் தொலைக்காமல் ஏன் கடிதம் என்று முறைப்பாய். போனில் நீ 'சரி சரி, வைடா' என்பாய். அதைக் கோப்பில் வைக்க முடியாது. எனக்கு உன் கையெழுத்தோடு தாள் வேண்டும். உங்கள் திராட்சை லாரிதான் வாரம் ஒருமுறை இந்தப் பக்கம் வருகிறதே, ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். செடிகொடிகளால் ஓட முடியாது. கடிக்க வரும் பூச்சியையும் மேலே படர வரும் பூசணத்தையும் அவை வாசனையை வைத்துத்தான் விரட்டுகின்றன. கிராம்பின் வாசனையும் அப்படி ஒரு ஆயுதம். அந்த எண்ணெய் பழத்தில் படவே வேண்டாம். பக்கத்தில் இருந்து ஆவியாக வந்தாலே போதும், சாம்பல் பூசணத்தின் வித்து முளைக்காது. ஆய்வகத்தில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இதை நூறு தடவை பார்த்தாயிற்று. கண்ணாடிக் கிண்ணத்தைக் கப்பலில் ஏற்ற முடியாதே, அதனால் நீ வேலை பார்க்கும் திராட்சை ஷெட்டில், பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

தொண்ணூறு காகிதப் பைகள் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை நூல் கட்டியதில் வெறும் களிமண் உருண்டை. மஞ்சள் நூல் அரை அளவு எண்ணெய், சிவப்பு நூல் முழு அளவு. பெட்டிக்கு ஒன்று, மூடியின் அடியில் ஒட்டி, குளிர் அறையில் இருபத்தைந்து நாள் வை. பிறகு திறந்து எத்தனை பெட்டியில் பூசணம் என்று எண்ணு. அதைவிட முக்கியம், பழத்தில் கிராம்பு வாடை ஏறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து எழுது.

விதிப்படி இதற்கு ஐந்து பேர் முகர்ந்து தனித்தனியாக எழுதித் தரவேண்டும். நான் இயக்குநரிடம், பழம் நன்றாக இருக்கிறது என்று என் அக்கா சீட்டு எழுதினால் வியாபாரி பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொள்வார், அவள் மூக்கு ஐந்து மூக்குக்குச் சமம் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பூசணமும் நின்று வாடையும் ஏறாவிட்டால் இந்தப் பருவத்திலேயே அறுநூறு பெட்டி இந்தப் பைகளோடு கப்பல் ஏறும். வாடை ஏறினால் என் மூன்று வருஷ வேலையை மூட்டை கட்டச் சொல்வார்கள். என் குடுமி உன் கையில்.

உன் தம்பி

ஜனவரி 21

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. மூக்கடைப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி, அது கிடக்கிறது.

பைகள் வந்தன. நூலை நீயே கட்டினாயா? உன் முடிச்சு சின்ன வயதில் செருப்பு வாரைக் கட்டிய அதே லட்சணத்தில் இருக்கிறது. பாதியை நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

முதலாளி ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க தம்பி பெட்டிக்குள்ள மருந்துக்கடை வைக்கிறாரா?" என்று கேட்டார். மருந்துக்கடை இல்லை, காவல்காரன் என்றேன். கூடமே சிரித்தது. இங்கே என் பேர் என்ன என்று உனக்குத் தெரியும்தானே? 'மூக்கு'. மூக்கு வந்தாச்சா, மூக்கு பார்த்தாச்சா, மூக்கு கையெழுத்துப் போட்டாச்சா. மூடியை ஒரு விரற்கடை தூக்கினால் போதும், பூசணம் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவேன். பதினேழு வருஷமாக அதுதான் என் நாற்காலி.

தொண்ணூறு பெட்டியும் உள்ளே போயின. மூடிகளை ஒட்டியது டேப்பு. அவள் பேர் வேறு, ஆனால் நாள் முழுக்க டேப் ஒட்டுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? உனக்காக ஒரு மூடிகூடச் சுருங்காமல் ஒட்டியிருக்கிறாள்.

கவலைப்படாமல் தூங்கு.

அக்கா

பிப்ரவரி 16

தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். மகளுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது இடம். முதல் இடம் வாங்கியவளுக்குக் கால் நீளம் என்கிறாள், உன் மருமகள்தானே.

இன்று காலை பெட்டிகளைத் திறந்தேன். குறித்துக்கொள். வெள்ளை நூல் முப்பதில் இருபத்தொன்றில் பூசணம். மஞ்சள் நூலில் எட்டு. சிவப்பு நூலில் ஒன்றே ஒன்று, அதுவும் முதலிலேயே அடிபட்ட குலையாக இருக்க வேண்டும். சிவப்பில் காம்பு இன்னும் பச்சையாக இருக்கிறது. வெள்ளையில் காய்ந்து பழுப்பாகிவிட்டது. பழத்தை அழுத்தினால் சிவப்பில் விரலைத் திருப்பித் தள்ளுகிறது, மஞ்சளில் கொஞ்சம் தளர்ச்சி. தோலின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சுகூடக் கலையவில்லை.

வாசனை எல்லாம் சரி.

முதலாளி ஒரு சிவப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் அது பாராட்டு.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானும் குட்டியும் நலம்தானே? பந்தயத்தில் இரண்டாவது வந்தவளுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வக வராந்தாவில் நடந்தேனா பறந்தேனா தெரியவில்லை. முப்பதில் ஒன்று! இயக்குநரே தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

ஆனால் அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். 'எல்லாம் சரி' என்றால் என்ன என்று கேட்கிறார். காம்புக்கும் தோலுக்கும் பத்து வரி எழுதியவள் வாசனைக்கு இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாயே. சிவப்பு நூல் பெட்டியில் கிராம்பு வாடை இருக்கிறதா, இல்லையா? ஒரே வரி போதும், கீழே கையெழுத்தும் தேதியும் போடு.

நானே சொல்லலாம். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, என் பேச்சு எடுபடாது. தவிர, மூன்று வருஷமாகக் கிராம்புக்குள்ளேயே குடியிருக்கிறவன் மூக்குக்கு எது தெரியும்? நீ எழுதினால்தான் மதிப்பு.

சீக்கிரம் எழுது. கப்பலில் இடம் பிடிக்க வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் அத்தான் மட்டும் இரண்டு நாளாக என்மேல் எரிந்து விழுகிறார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எல்லாம் உன்னால்தான், கடிதம் என்றால் இப்படியா நீட்டி முழக்குவது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேட்ட வரி இதோ. சிவப்பு நூல் பெட்டிகளில் கிராம்பு வாடை இல்லை. பழம் பழமாகவே இருக்கிறது. கையெழுத்து, தேதி கீழே.

போதுமா? இனி இதைப் பற்றிக் கேட்காதே.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமாக இருப்பீர்கள். இங்கே நலத்துக்கு மேலே நலம்.

உத்தரவு வந்துவிட்டது. அறுநூறு பெட்டி, சிவப்பு நூல், முழு அளவு. ஏப்ரல் 9 காலை உங்கள் ஷெட்டிலிருந்து லாரி புறப்பட்டு அன்றே துறைமுகம். உங்கள் முதலாளிக்கும் கடிதம் போயிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் வழக்கம்போல உன் சீட்டு இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து வியாபாரி கேட்டிருக்கிறார். உன் பேர் கடல் தாண்டிப் போய்விட்டது, இனி உன்னைக் கையில் பிடிக்க முடியாது.

பைகள் அடுத்த லாரியில் வரும். அவற்றை வைத்து அடைத்த பெட்டிகளில் ஒன்றைப் பிரிக்காமல் கோப்புக்காக எனக்கு அனுப்பு.

உன் தம்பி

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெட்டி வந்தது, கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். இவள்தான் சமையலறையில் வைத்துத் திறந்தாள். திறந்ததும், "யாருக்குப் பல்லு வலி?" என்று கேட்டாள். ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். உனக்குத் தெரியுமே, அவளுக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லித்தான் பழக்கம். ஓட்டுநர் பெட்டியை எதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாரோ, லாரியில் என்னென்னவோ ஏற்றுகிறார்கள்.

எதற்கும் இன்னொரு தரம் எழுதிவிடு. 'புதிய பெட்டிகளிலும் கிராம்பு வாடை இல்லை' என்று, மார்ச் கடைசித் தேதி போட்டு. இருந்தால் பலமாக இருக்கும். ஏப்ரல் 9க்கு இன்னும் பதினோரு நாள்தான்.

உன் தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்தேன், தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

எனக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, வேலை செய்யவில்லை. ஜனவரிக் காய்ச்சலோடு போனது திரும்பி வரவேயில்லை. பூசணம், கேஸ், சோப்பு, கிராம்பு எல்லாம் எனக்கு ஒன்றுதான். உன் பையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நாளைக்கு வந்துவிடும், நாளன்றைக்கு வந்துவிடும் என்று இருந்தேன். அதுவரை நாற்காலியை விட மனசு வரவில்லை. பதினேழு வருஷத்து அனுபவம் கண்ணிலும் விரலிலும் இருக்கிறது, காம்பைப் பார்த்தும் பழத்தை அழுத்தியும் ஓட்டிவிட்டேன். மீதிக்கு டேப்பின் முகம். மூடியைத் தூக்கும்போது அவள் என் எதிரில்தான் நிற்பாள். பூசணம் இருந்தால் அவள் மூக்கு லேசாகச் சுருங்கும். அதைப் பார்த்துச் சீட்டு எழுதுவேன். ஒரே ஒரு லோடுக்குப் புகார் வந்தது, அதை வெயில்மேல் போட்டேன்.

உன் சிவப்புப் பெட்டிகளைத் திறந்த அன்று அவள் முகக்கவசம் போட்டிருந்தாள். முகம் சுருங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் கண்ணில் சுருக்கம் ஒன்றும் காணோம், சரி, வாடை இல்லை என்று முடிவு கட்டினேன். நீ ஒரு வரி கேட்டாய், எழுதிக் கொடுத்தேன்.

உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஏன் கவசம் போட்டாய் என்று கேட்டேன். "அந்தக் கிராம்பு நெடி தாங்கலக்கா, தலைவலி. உங்களுக்குத்தான் எதுவும் பண்ணலையேன்னு ஆச்சரியமா இருந்துச்சு," என்றாள்.

நேராக முதலாளியிடம் போனேன். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன், தனியாகச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே பயம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. இது பாராட்டு இல்லை. "அன்னைக்கு எனக்கும் நெடி அடிச்சுது, மூக்கே சரின்னு சொன்னா சரின்னு விட்டேன். மூணு மாசமா குருட்டுக் கையெழுத்தா போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அறுநூறு பெட்டி போகாது. வியாபாரிக்கு நேற்றே சொல்லியாயிற்று. என் நாற்காலியில் இன்று டேப்பு உட்கார்ந்திருக்கிறாள். நான் குளிர் அறைக் கதவருகே வெப்பமானி பார்த்து எழுதுகிறேன். அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

உன் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன்.

இயக்குநர் உன் இரண்டு கடிதத்தையும் மேஜைமேல் வைத்து, இதில் எது உண்மை என்று கேட்டார். ஐந்து பேர் என்ற விதியை மீறி வாங்கிய அனுமதி, அதனால் பழி முழுவதும் என் தலையில். வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே. கேட்டேனே, ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டேனே. உன்னை நம்பித்தானே எல்லாவற்றையும் செய்தேன்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நானும்.

முதலில் வேலை. மார்ச்சில் சிவப்போடு சேர்ந்து வந்த மஞ்சள் பைகளை நான் வீணாக்கவில்லை. பழம் வந்ததும் பெட்டியில் மூடுவதற்கு முன் இரண்டு நாள் குளிர வைக்கிறோம் இல்லையா? அந்த அறையில் பைகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டாம் நாள் பைகளை எடுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுக் காற்றை வெளியேற்றி, பிறகுதான் பெட்டியில் அடைத்தோம். பெட்டிக்குள் பையே இல்லை. பதினைந்து நாளாகிறது, முப்பது பெட்டியில் மூன்றில் பூசணம். இன்னும் பத்து நாள் போகட்டும், ஆனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. காவல்காரன் வாசலில் நின்றால் போதும், வீட்டுக்குள் வந்து பாய் விரிக்க வேண்டியதில்லை.

டேப்பு, எடை போடுகிறவர், ஓட்டுநர், முதலாளி, உன் அத்தான். ஐந்து பேரும் தனித்தனியாக முகர்ந்து எழுதிய சீட்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு பேர் வாடை இல்லை என்கிறார்கள். உன் அத்தான் 'லேசாக' என்கிறார். அவருக்கு என்மேல் இருக்கிற கோபத்தில் எழுதினாரோ என்னவோ, அதையும் கோப்பில் வை.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். என்னை நம்பினாய் என்கிறாய். நான் செய்தது தப்பு, அதில் ஒரு அணாகூடக் குறைக்கவில்லை. ஆனால் உன் மார்ச் 29 கடிதத்தை எடுத்து ஒருமுறை படி. உன் பெண்டாட்டி பெட்டியைத் திறந்ததும் பல் வலியா என்று கேட்டாள், பழத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அதற்குப் பிறகும் வாடை இல்லை என்று எழுதித் தா, தேதி போட்டுத் தா என்று கேட்டிருக்கிறாய். நான் மூக்கு இல்லாமல் பொய் சொன்னேன். நீ மூக்கை வைத்துக்கொண்டு பொய் கேட்டாய்.

இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. உனக்கு என்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு எனக்கும் உன்மேல் இருக்கிறது. கோபம் ஆறுகிறவரை பேசாமல் இருக்கலாம், ஆனால் பழம் காத்திருக்காது. மஞ்சள் பை இன்னும் நூறு அனுப்பு.

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்தாறு நாளாக எழுதவில்லை. ஐந்து தடவை உட்கார்ந்து ஐந்து தடவையும் கோபமாகவே வந்தது. ஆறாவது தடவை உன் கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். உன் பக்கம் பேசுவாள் என்று தெரிந்துதான் காட்டினேன். "மூணு வருஷமா உங்க சட்டையைக் கிராம்பு நெடிக்காக நான் தனியாத்தானே துவைக்கிறேன்," என்றாள்.

தெரியும் அக்கா. முழு அளவில் வாடை ஏறும் என்று முதல் பையைக் கட்டிய அன்றே தெரியும். மூக்கு மரத்துவிட்டது என்று உனக்கு எழுதியது பொய். ஐந்து பேர் முகர்ந்தால் ஐந்து பேரும் சொல்லிவிடுவார்கள். உன்னிடம் கேட்டால், நீ தம்பிக்காகக் கொஞ்சம் விட்டுக் கொடுப்பாய் என்று நினைத்தேன். உன் மூக்கைப் புகழ்ந்ததெல்லாம் அதற்குத்தான். 'இல்லை' என்று வந்தபோது நீ எனக்காக எழுதினாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இதை நேற்று இயக்குநரிடமும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். வேலை தொடரும், நீ சொன்ன வழியில், ஐந்து பேர் சீட்டோடு. பொறுப்பு இனி எனக்கு இல்லை, என்னுடன் இருக்கும் இன்னொருவருக்கு. நான் அவருக்குக் கீழே. அது நியாயம்தான். இரண்டு நாள் அறை உன் யோசனை என்று அவர் அறிக்கையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நூறு மஞ்சள் பை இந்த லாரியில் வருகிறது. முடிச்சுகளை இவள் கட்டினாள், அவிழ்க்க வேண்டியிருக்காது.

அக்கா, உன் ஏப்ரல் 3 கடிதம் வந்த நாளிலிருந்து கோப்பு என்ன ஆகும், இயக்குநர் என்ன சொல்வார் என்றுதான் யோசித்தேன். பதிலில் முதல் வரி நலம் என்று எழுதினேன். மூக்கு போய்விட்டது என்று எழுதியவளிடம் அது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரிடம் போனாயா? சாப்பாடு ருசிக்கிறதா? குட்டி குளித்துவிட்டு வந்து உன்மேல் சாய்ந்தால் அந்தத் தலை ஈர வாசனைகூட இல்லையா? மூன்று மாதமாக இதை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தாய்?

எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது. தேதியும் கையெழுத்தும் வேண்டாம், இது கோப்புக்குப் போகாது.

உன் தம்பி